புதுச்சேரி நகரின் குடிநீர்: நிர்வாகமும் சுத்திகரிப்புத் தொழில்நுட்பமும்

புதுச்சேரி நகரின் குடிநீர் முழுவதும் நிலத்தடியிலிருந்து பெறப்படுகிறது. நகருக்கு அருகில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஏரிகள் பல இருந்தாலும், அவற்றின் நீர் நேரடியாகக் குடிநீர்க் குழாய்களுக்கு வருவதில்லை. ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இறைக்கப்படும் நீர் மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டு, குழாய்கள் வழியாக வீடுகளுக்குச் செல்கிறது. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பாக மாறியதால், எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) எனப்படும் புதிய சுத்திகரிப்பு முறை நகருக்குள் வந்துள்ளது. இத்தொழில்நுட்பம் எப்படி வேலை செய்கிறது, எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்ப்பதில்லை, குடிநீர் குறித்த முடிவுகளை எடுப்பவர் யார் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் நீரும்

புதுச்சேரிப் பகுதி வங்கக் கடலை ஒட்டிய தாழ்ந்த சமவெளி. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. சங்கராபரணி ஆறு (செஞ்சியாறு) நகருக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அதற்கும் தெற்கே தென்பெண்ணை ஓடுகிறது. இரண்டிலும் மழைக்காலத்தில்தான் வெள்ளம் வரும்.

பெய்யும் மழையின் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, பாறை அடுக்குகளில் தேங்குகிறது. இவ்வாறு நீரைத் தேக்கி வைக்கும் அடுக்கு நீர்த்தாங்கி எனப்படும். புதுச்சேரியில் மேலிருந்து கீழாகப் பல நீர்த்தாங்கிகள் உள்ளன. மேலே ஆற்று வண்டல், அதன் கீழே கடலூர் மணற்கல், அதற்கும் கீழே வானூர், இராமநாதபுரம் மணற்கற்கள் ஆகியவை முக்கியமானவை. மணற்கல்லின் நுண்ணிய இடைவெளிகளில் நீர் தங்குகிறது. ஒரு பஞ்சு நீரை உறிஞ்சி வைத்திருப்பதுபோல் இதைக் கருதலாம். பஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அது காய்ந்துவிடும். கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ந்த இடத்தில் கடல்நீர் புகுந்துவிடும்.

உவர்நீர் ஊடுருவல்

கடலோர நிலத்தின் அடியில் நன்னீரும் கடல்நீரும் அருகருகே உள்ளன. நன்னீர் எடை குறைந்தது என்பதால் மேலே மிதக்கிறது, அடர்த்தி மிகுந்த கடல்நீர் கீழே இருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 40இல் ஒரு பங்கு அதிகம். இதிலிருந்து கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்னும் எளிய கணக்கு கிடைக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும்.

இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், கீழே உள்ள உவர்நீர் நாளடைவில் 40 மீட்டர் வரை மேலேறி வரக்கூடும். பாறை அமைப்பைப் பொறுத்து இது இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் கடலுக்கு அருகில் உள்ள கிணறுகள் ஏன் திடீரென உப்பாக மாறுகின்றன என்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. ஒருமுறை உப்பேறிய நீர்த்தாங்கியை மழைநீர் கழுவிச் சீராக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

புதுச்சேரியின் கடலோரத்தில் இவ்வூடுருவல் நிகழ்வதை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. புல்வார் எனப்படும் பழைய நகரப் பகுதியிலும் அதை ஒட்டிய குடியிருப்புகளிலும் குழாய் நீர் உப்பு கரிப்பதாக மக்கள் நீண்ட காலமாகக் குறை கூறி வருகின்றனர். நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த நிலத்தடி நீர் ஆணையத்தின் அனுமதி பெற்றே புதிய ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட வேண்டும்.

வரலாறு: முத்திரையர்பாளையத்து நீர்

கடற்கரையில் நல்ல நீர் கிடைக்காதது புதிய சிக்கல் அன்று. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கு குடியேறியபோதே அது இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மூன்றாம் நெப்போலியன் பிரான்சின் பேரரசராக இருந்த காலத்தில், லாமெரேஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நகருக்கு மேற்கே உள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து வெள்ளையர் நகரத்துக்கு நன்னீர் கொண்டுவந்தார். அதன் நினைவாகக் கட்டப்பட்டதே இன்றைய பாரதி பூங்காவின் நடுவில் உள்ள வெண்ணிற ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இம்மண்டபமே இடம் பெற்றுள்ளது.

மண்டபத்துக்குப் பெயர் தந்த ஆயி ஒரு தேவதாசி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. விசயநகர மன்னர் ஒருவர் அவ்வழியே சென்றபோது, விளக்குகளால் ஒளிர்ந்த ஆயியின் மாளிகையைக் கோயில் என எண்ணிக் கும்பிட்டாராம். அது தாசியின் வீடு என அறிந்ததும் சினந்து, அதை இடிக்க ஆணையிட்டாராம். ஆயி, தானே வீட்டை இடித்து அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்ட அனுமதி கேட்டுப் பெற்றாளாம். அந்தக் குளத்து நீர்தான் பின்னர் நகருக்கு வந்தது என்று கதை முடிகிறது. கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், ஓர் அரசின் சின்னமாகக் குடிநீர் நினைவுச்சின்னம் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நல்ல நீர் மேற்கே இருந்தது, அதைக் கேட்ட நகரம் கிழக்கே இருந்தது. ஊர்ப்புறத்து நீர் நகருக்கு வந்தது. இன்றைய விவாதங்களிலும் இதே அமைப்பு தொடர்கிறது.

நிர்வாக அமைப்பு

பிரெஞ்சு இந்தியாவில் 1880ஆம் ஆண்டு அரசாணையின் வழியாக நகராட்சிகள் அமைக்கப்பட்டன. அவை பிரெஞ்சு மொழியில் ‘கொம்யூன்’ எனப்பட்டன. அச்சொல் இன்றும் புதுச்சேரியில் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என வழங்குகிறது. 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது. 1973இல் நகராட்சிகளுக்கும் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன.

இப்போது புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை என இரு நகராட்சிகளும், அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேரும் உழவர்கரை நகராட்சியில் சுமார் 3 லட்சம் பேரும் வாழ்ந்தனர்.

நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் அளவு. இதன்படி இரு நகராட்சிகளின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக்கு மட்டுமே நாளொன்றுக்கு ஏறத்தாழ 7.3 கோடி லிட்டர் நீர் தேவைப்படும். சுற்றுலாப் பயணிகள், விடுதிகள், மருத்துவமனைகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் தேவை இதில் சேரவில்லை.

குடிநீர் யாருடைய பொறுப்பு? இந்திய அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் (1992) நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிடுகிறது. அவற்றில் ஐந்தாவது, வீடுகளுக்கும் தொழில், வணிகத் தேவைகளுக்கும் நீர் வழங்குதல் ஆகும். ஊராட்சிகளுக்கான பதினொன்றாம் அட்டவணையிலும் குடிநீர் உள்ளது. ஆனால் புதுச்சேரி நகரில் இறைத்தல், சுத்திகரித்தல், வழங்கல் ஆகிய மூன்றையும் அரசின் பொதுப்பணித் துறையைச் சேர்ந்த பொதுச் சுகாதாரக் கோட்டமே செய்கிறது. நகராட்சிக்கு இதில் நேரடிப் பங்கு மிகக் குறைவு.

இதனோடு இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது. புதுச்சேரியில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 38 ஆண்டுகளுக்குப் பிறகு, நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2006இல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிக்கப்பட்டும், இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகளால் நடைபெறவில்லை. எனவே நகராட்சிகள் அதிகாரிகளாலேயே நடத்தப்படுகின்றன. தெருக்குழாயில் நிறம் மாறிய நீர் வந்தால் முறையிடுவதற்கு வார்டு உறுப்பினர் கிடையாது. மக்கள் சட்டமன்ற உறுப்பினரையோ உதவிப் பொறியாளர் அலுவலகத்தையோ நாடுகின்றனர். அதுவும் பயன் தராவிட்டால் காலிக் குடங்களுடன் சாலையில் அமர்கின்றனர்.

நல்ல குடிநீர் என்பதற்கான அளவுகள்

இந்தியத் தர அமைவனம் குடிநீருக்கு வகுத்த தரநிலை ‘ஐ.எஸ். 10500’ எனப்படும். இதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் பல பொருள்களுக்கு இரண்டு அளவுகள் தரப்பட்டுள்ளன. முதலாவது ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் அனுமதிக்கப்படும் உச்ச அளவு. முக்கியமான சில (ஒரு லிட்டரில் மில்லிகிராம்):

– மொத்தக் கரைந்த திடப்பொருள்கள் (டி.டி.எஸ்.): 500, உச்ச அளவு 2,000
– குளோரைடு: 250, உச்ச அளவு 1,000
– கடினத்தன்மை: 200, உச்ச அளவு 600
– புளோரைடு: 1.0, உச்ச அளவு 1.5
– நைட்ரேட்: 45, இதற்கு மேல் அனுமதி இல்லை
– எஞ்சிய குளோரின்: குறைந்தது 0.2
– ஈ. கோலை நுண்ணுயிர்: 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது

இப்பட்டியலைப் படிக்கும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு. அது மிகுந்தால் நீர் கரிக்கும், சோறும் பருப்பும் சரியாக வேகாது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு சேரும். ஆனால் டி.டி.எஸ். குறைவாக உள்ள நீரில் நோய்க்கிருமி இருக்கலாம். கிருமி இல்லாத நீர் உப்பாகவும் இருக்கலாம். விற்பனையாளர்கள் கையில் வைத்திருக்கும் சிறிய டி.டி.எஸ். மானி கிருமியைக் காட்டாது. அதில் எண் குறைவாகத் தெரிவதால் மட்டும் நீர் தூயது என்று முடிவு செய்வது தவறு.

சுத்திகரிப்பு முறைகள்

குளோரின் கலத்தல்: உலகெங்கும் பரவலாக உள்ள முறை இது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகரில் குழாய் நீருக்குத் தொடர்ந்து குளோரின் சேர்க்கும் வழக்கம் தொடங்கியது. குளோரின் கிருமிகளைக் கொல்ல சுமார் அரை மணி நேரம் தேவை. இதன் சிறப்பு, வேலை முடிந்த பிறகும் சிறிதளவு நீரில் எஞ்சியிருப்பது. தொட்டியிலிருந்து கடைசி வீடு வரை செல்லும் வழியில் புதிதாகக் கிருமி புகுந்தால், எஞ்சிய குளோரின் அதை எதிர்கொள்ளும். அதனால்தான் குழாயின் கடைசி முனையில் 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று தரநிலை கூறுகிறது. ‘பிளீச்சிங் பவுடர்’ திறந்து கிடந்தால் வீரியம் இழக்கும். எனவே எத்தனை கிலோ கொட்டினோம் என்பதைவிட, கடைசிக் குழாயில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே சரியான கேள்வி. குளோரின் உப்பை நீக்காது.

எதிர்ச் சவ்வூடு பரவல்: உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் அது உப்பிப் பெருக்கிறது. திராட்சையின் தோல் வழியாக நீர் உள்ளே செல்கிறது. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் நீர் வெளியே வந்து துண்டு சுருங்குகிறது. இரண்டிலும் நீர், கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு மெல்லிய சவ்வைக் கடந்து செல்கிறது. இது சவ்வூடு பரவல். உப்புநீர்ப் பக்கத்தில் மிகுந்த அழுத்தம் கொடுத்தால் இவ்வோட்டம் திரும்பும். நீர் மட்டும் சவ்வைக் கடந்து வெளியேற, உப்பு பின்தங்கும். இதுவே ஆர்.ஓ. முறையின் அடிப்படை.

இதற்கு உகந்த சவ்வை, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் 1950களின் இறுதியில் உருவாக்கினர். 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில், உவர்ப்பான நிலத்தடி நீரைக் குடிநீராக்கும் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது. புதுச்சேரியின் தெருமுனை நிலையங்கள் தீர்க்க முயல்வதும் அதே சிக்கலைத்தான்.

ஒரு பொது ஆர்.ஓ. நிலையத்தில் நீர் பல படிகளைக் கடக்கிறது. மணல் வடிகட்டி கலங்கலை நீக்குகிறது. கிளர்வூட்டிய கரி, குளோரினையும் நாற்றத்தையும் எடுக்கிறது. நுண்வடிகட்டி நுண்ணிய துகள்களைத் தடுக்கிறது. பிறகு உயரழுத்தப் பம்பு நீரைச் சவ்வுக்குள் செலுத்துகிறது. இறுதியில் புற ஊதாக் கதிர் எஞ்சிய கிருமிகளை அழிக்கிறது. முன்படிகளில் ஒன்று பழுதானாலும் சவ்வு அடைத்துக்கொள்ளும். சவ்வுக்கும் ஆயுள் உண்டு. உரிய காலத்தில் மாற்றாவிட்டால் உப்பு மெல்லக் கசியத் தொடங்கும்.

பிற முறைகள்: நுண் அளவு வடிகட்டல் (யு.எஃப்.) கிருமிகளைத் தடுக்கும், ஆனால் கரைந்த உப்பைத் தடுக்காது. புற ஊதாக் கதிர் தெளிந்த நீரில் கிருமியைக் கொல்லும், ஆனால் அதற்குப் பிறகு பாதுகாப்பு எதுவும் நீரில் எஞ்சாது. கொதிக்க வைத்தலும் கிருமியைக் கொல்லும், உப்பைக் குறைக்காது. ஆர்செனிக், இரும்பு போன்றவற்றை நீக்க, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் ஆய்வுக் குழு நுண்துகள்களைக் கொண்டு உருவாக்கிய ‘அம்ரித்’ முறை நாட்டின் பல இடங்களில் பயன்படுகிறது. எந்த முறை எந்த மாசுக்கு என்பதை அறியாமல் கருவி வாங்குவது, நோய் அறியாமல் மருந்து வாங்குவதைப் போன்றது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்

குழாய் நீர் உவர்ப்பான பகுதிகளில் பொதுப்பணித் துறை ஆர்.ஓ. நிலையங்களை அமைத்து, குறைந்த கட்டணத்தில் 20 லிட்டர் கேன்களில் குடிநீர் வழங்குகிறது. தனியார் கேன் விலையைத் தர இயலாத குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. மீன்பிடிக் குப்பங்களிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் இதன் பயன் கண்கூடு.

எனினும் இம்முறைக்குச் சில எல்லைகள் உள்ளன.

முதலாவது, கழிவுநீர். ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, பிரித்து ஒதுக்குகிறது. ஆயிரம் குடும்பங்களுக்கு நாளுக்கு ஒரு கேன் வீதம் 20,000 லிட்டர் தேவை என்று கொள்வோம். நிலையம் பாதி நீரை மீட்டுத் தருவதாக இருந்தால் 40,000 லிட்டர் நிலத்தடி நீரை இறைக்க வேண்டும். மீதி 20,000 லிட்டரும் ஏறத்தாழ இரு மடங்கு உப்புடன் வெளியேறும். அது சாக்கடையில் விடப்படுகிறது. உப்பேறியதால் தொடங்கிய முறை, உப்பேறக் காரணமான இறைப்பையே இரட்டிப்பாக்குகிறது. வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் வீணாகும் பங்கு இதைவிடவும் அதிகம். இதைக் கருதியே 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடைசெய்யவும், பிற இடங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் நீரை மீட்கவும் வழிசெய்யுமாறு கூறியது.

இரண்டாவது, கேனின் தூய்மை. ஆர்.ஓ. நீரில் எஞ்சிய குளோரின் இல்லை. கழுவாத கேனிலோ, கைபட்ட குவளையிலோ கிருமி புகுந்தால் அதைத் தடுக்க நீரில் எதுவும் இல்லை.

மூன்றாவது, சுமப்பவர் யார் என்பது. 20 லிட்டர் நீரின் எடை 20 கிலோ. வண்டி இல்லாத வீடுகளில் அதைச் சுமந்து வருபவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியோரும். குழாய் நீர் வீட்டுக்குள் வந்த பிறகும், குடிப்பதற்கு நீர் சுமக்கும் வேலை தொடர்கிறது.

நான்காவது, கவனம் திசைமாறுதல். குடிக்கும் நீர் கேனில் கிடைக்கிறது என்றானதும், குழாய் நீரின் தரம் பற்றிய கேள்வி தளர்கிறது. கேன் வாங்க இயலாதவர் குடிப்பது அந்தக் குழாய் நீரைத்தான். சமைப்பதற்கும் பல் துலக்குவதற்கும் எல்லா வீடுகளிலும் அதுவே பயன்படுகிறது.

காரைக்கால் தந்த பாடம்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் 2022இல் வயிற்றுப்போக்கு பரவியது. சிலருக்குக் காலரா உறுதியானதைத் தொடர்ந்து, ஜூலை 3 அன்று அங்குப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் சில நாள் மூடப்பட்டன. மக்கள் கொதிக்க வைத்த நீரையே பருக வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. குடிநீர்க் குழாய்களில் ஏற்பட்ட கசிவும் கழிவுநீர்க் கலப்பும் விவாதப் பொருளாயின.

நாள் முழுவதும் நீர் வராத குழாய்களில் இவ்வாபத்து இயல்பாகவே உண்டு. நீர் ஓடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், விரிசலில் நீர் வெளியே கசியும். நீர் நின்றதும் அழுத்தம் குறைந்து, குழாய் வெளியே உள்ளதை உள்ளிழுக்கும். குழாய்க்கு அருகில் சாக்கடையோ கழிப்பறைத் தொட்டியோ இருந்தால் அந்நீர் உள்ளே வரும். வீடுகளில் குழாயுடன் நேராக மோட்டார் பொருத்தி உறிஞ்சினால் ஆபத்து இன்னும் கூடும். இலண்டனில் 1854இல் மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் தெருவின் ஒரு பம்பிலிருந்து காலரா பரவியதைக் கண்டறிந்தார். அங்கும் அருகில் இருந்த கழிவுத் தொட்டியே காரணம். ஏறத்தாழ 170 ஆண்டுகள் கடந்த பிறகும் பாடம் மாறவில்லை.

இதற்குத் தெருமுனை ஆர்.ஓ. நிலையம் தீர்வாகாது. பழைய குழாய்களை மாற்றுதல், கழிவுநீர்க் குழாயிலிருந்து தள்ளி அமைத்தல், கடைசி முனையில் நாள்தோறும் குளோரின் சோதித்தல் ஆகியவையே தீர்வு. இவற்றுக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் இருப்பதில்லை. அதனால்தான் இவை பின்தள்ளப்படுகின்றன.

நகரமும் கிராமமும்

கடலோரக் கிணறுகள் உப்பேறுவதால், நகருக்குத் தெற்கே பாகூர்ப் பகுதிக் கிராமங்களிலிருந்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டுவரும் திட்டம் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடனுதவியுடன் முன்வைக்கப்பட்டது. தங்கள் வேளாண்மை பாதிக்கப்படும், கிராமத்துக் கிணறுகளும் உப்பாகும் என்று அப்பகுதி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இரு தரப்பின் தேவையும் உண்மையானது. நகரத்தவருக்குக் குடிநீர் வேண்டும். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். இறைப்பை மட்டும் இடம் மாற்றினால் சிக்கலும் அங்கே இடம்மாறும் என்ற அச்சம் அறிவியல் அடிப்படை உள்ளதே.

புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி உள்ளிட்ட 84 ஏரிகள் உள்ளன. ஏரி நிரம்பினால் அதைச் சுற்றியுள்ள நீர்த்தாங்கியும் நிரம்பும். பிரெஞ்சு ஆட்சியில் உழவர் சங்கங்கள் ஏரிகளையும் வாய்க்கால்களையும் பராமரித்தன. ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் பரவிய பிறகு ஏரிப் பராமரிப்பு தளர்ந்தது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டம், ஏரிகளைத் தூர்வாரியதோடு ஏரிப் பயன்படுத்துவோர் சங்கங்களையும் உருவாக்கியது. மழைநீர் சேகரிப்பும் ஏரிப் பாதுகாப்பும் பழைய முறைகளாகத் தோன்றலாம். உப்பை உள்ளே வராமல் தடுப்பது, வந்த உப்பைச் சவ்வால் பிரிப்பதைவிடச் செலவு குறைந்தது.

கடல்நீரைக் குடிநீராக்குதல் இன்னொரு வழி. சென்னையில் மீஞ்சூர் (2010), நெம்மேலி (2013) நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர் உற்பத்தி செய்யும் திறன் கொண்டவை. கடல்நீரின் உப்பு ஒரு லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் என்பதால் மிக உயர்ந்த அழுத்தமும் மின்சாரமும் தேவை. வெளியேறும் அடர் உப்புநீர் கடலோர மீன்வளத்தைப் பாதிக்காமல் விடப்பட வேண்டும்.

பிற ஊர்களின் அனுபவம்

ஒடிசாவின் பூரி நகரில் 2021 ஜூலையில், குழாயிலிருந்து நேரடியாகப் பருகத்தக்க நீரை நாள் முழுவதும் வழங்கும் திட்டம் தொடங்கியது. அங்கு மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த ‘ஜலசாத்தி’ என்னும் பெண்கள் வீடுதோறும் சென்று நீரைச் சோதிக்கின்றனர், மீட்டரைக் குறிக்கின்றனர், குறைகளைத் தெரிவிக்கின்றனர். பூரியும் புதுச்சேரியைப் போலக் கடலோரச் சுற்றுலா நகரம்தான்.

பாரிஸ் நகரம் 2010இல் தனியார் நிறுவனங்களிடமிருந்து குடிநீர் வழங்கலைத் திரும்பப் பெற்று நகராட்சியின் பொது நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நீர் தொடர்பான முடிவுகளைக் குடிமக்களும் கவனித்துக் கருத்துக் கூற ஒரு கண்காணிப்பு அமைப்பும் ஏற்படுத்தப்பட்டது. இரண்டு ஊர்களிலும் தொழில்நுட்பத்தோடு, மக்களுக்குப் பதில் சொல்லும் ஏற்பாடும் சேர்ந்தே வந்தது.

புதிய கருவியை ஏற்கும் முன்

ஒரு வார்டிலோ கிராமத்திலோ புதிய சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும் முன் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்:

– அப்பகுதி நீரில் உள்ள குறை என்ன? உப்பா, கிருமியா, இரும்பா, நைட்ரேட்டா? ஆய்வறிக்கை உள்ளதா?
– அக்குறையை நீக்க இக்கருவி பொருத்தமானதா? இதைவிட எளிய முறை உண்டா?
– எவ்வளவு நீர் கழிவாகும்? அது எங்கே விடப்படும்? கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்த இயலுமா?
– சவ்வு, வடிகட்டி, மின்சாரம் ஆகியவற்றின் ஆண்டுச் செலவு எவ்வளவு? யார் தருவார்?
– பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்யப்படும்? அதுவரை மாற்று வழி என்ன?
– நீர்ச் சோதனை முடிவு நிலையத்தின் வாசலில் எழுதி வைக்கப்படுமா?

கடைசிக் கேள்விக்கு ஆகும் செலவு ஒரு கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும்தான். நாள், டி.டி.எஸ்., எஞ்சிய குளோரின், கிருமிச் சோதனை முடிவு என நான்கு செய்திகள் போதும். கிராமங்களுக்கான ஜல் ஜீவன் இயக்கத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வகைசெய்யப்பட்டுள்ளது. நகர வார்டுகளுக்கும் அது பொருந்தும். பள்ளி மாணவர்களும் ஆசிரியர் துணையுடன் எஞ்சிய குளோரினைச் சோதிக்க இயலும். நீரில் மருந்துத் துளி விட்டு, தோன்றும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

முத்திரையர்பாளையத்திலிருந்து நீர் வந்தபோது நகர மக்கள் அதற்கு நன்றியாக ஒரு மண்டபத்தைப் பெற்றனர். இன்று அவர்களுக்குத் தேவைப்படுவது, குழாயில் வரும் நீரைப் பற்றிக் கேட்டால் விடை சொல்லும் கடமையுள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும், அந்த விடையைச் சரிபார்க்கும் அறிவும் ஆகும். நல்ல கருவிகள் இவை இரண்டும் உள்ள ஊரில்தான் நீண்ட நாள் ஓடும்.